சீடத்துவம், இறையழைத்தல், மௌன செபம்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைப் பங்குகளில் மறைக்கல்வி ஆசிரியையாக நீண்ட காலம் பணியாற்றிவருகிறேன். தவக்காலத் தியானம் முடிந்து கதிரைகளை அடுக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வருவார். மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்க முடியாத கேள்வி அப்போதுதான் வெளிவரும். அப்படி வந்தவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதுகிறேன். நான் கத்தோலிக்கப் பெண். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபை நண்பர்களும் இவற்றில் பலவற்றைக் கேட்டிருப்பதால் அவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

திருமுழுக்குப் பெற்றுவிட்டேன், ஞாயிறு திருப்பலிக்கும் தவறுவதில்லை. நான் ஏற்கெனவே சீடன்தானே?

ஆம், தொடங்கிவிட்டீர்கள். ஆனால் மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இயேசு பன்னிருவரை எதற்காக ஏற்படுத்தினார் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. தம்மோடு இருப்பதற்காக, பிறகு நற்செய்தியைப் பறைசாற்ற அனுப்பப்படுவதற்காக. அந்த வரிசையை நாம் பெரும்பாலும் தலைகீழாக்கிவிடுகிறோம். பங்குப் பேரவை, திருவிழா வேலை, பாடகர் குழு, அன்பியக் கூட்டம் என்று ஓடித் திரிகிறோம். அவரோடு இருப்பதற்கு மட்டும் நேரம் வாய்ப்பதில்லை.

சீடத்துவத்தையும் மௌன செபத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் இதுதான். இரண்டும் வெவ்வேறு பாடங்கள் என்று நான் நினைக்கவில்லை.

கடவுள் என்னை அழைக்கிறார் என்று எப்படி அறிந்துகொள்வது? எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லையே.

பெரும்பாலானவர்களுக்குக் குரல் கேட்பதில்லை. கேட்டவருக்கும் அது விளங்கிவிடவில்லை. சாமுவேல் முதலாம் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், கோவிலில் படுத்திருந்த சிறுவன் சாமுவேலை ஆண்டவர் பெயர் சொல்லி அழைக்கிறார். அவன் மூன்று முறையும் முதிய குரு ஏலியிடமே ஓடுகிறான். கண்பார்வை மங்கிய ஏலிதான் மூன்றாம் முறையில் விஷயத்தை உணர்ந்துகொள்கிறார். “பேசும், உம் அடியேன் கேட்கிறேன்” என்று சொல்லும்படி சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். தன் சொந்தப் பிள்ளைகளைத் திருத்த முடியாமல்போன ஒரு மனிதர் அவர். அப்படிப்பட்டவரின் உதவி இல்லாமல் சாமுவேலுக்கு அழைப்பு விளங்கவில்லை. ஆகவே முதலில் நான் சொல்வது: தனியாக இதைத் தீர்மானிக்காதீர்கள். உங்களைப் பல காலம் அறிந்த, முகத்துக்கு முன் உண்மை பேசும் ஒருவரைத் தேடுங்கள். அவர் குறையே இல்லாதவராக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, உங்களுக்குள் எழும் ஆசைகளைக் கவனியுங்கள். நம் மறைமாவட்டம் 1893இல் உருவானது. தொடக்க காலத்திலேயே அது இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டதால், அவர்களின் நிறுவுநரான புனித இஞ்ஞாசியாரின் வழிமுறை இங்கே பலருக்குப் பழக்கமானது. 1521ஆம் ஆண்டு பம்பலோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு காலை முறித்தபோது அவர் ஒரு போர்வீரர். படுக்கையில் கிடந்தபடி வீரசாகசங்களைக் கற்பனை செய்தபோது அவருக்கு இன்பமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஓய்ந்ததும் உள்ளம் வறண்டுபோனது. கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர்களின் வாழ்வையும் நினைத்தபோது கிடைத்த மகிழ்ச்சியோ பிறகும் நீடித்தது. அந்த வேறுபாட்டை ஒரு நாள் அவர் கவனித்தார். அவர் பின்னர் எழுதிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற நூலின் வேர் அங்கேதான் இருக்கிறது. எந்த எண்ணம் வரும்போது இனிக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அது போன பிறகு உங்களிடம் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, அவசரப்படாதீர்கள். மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வலையைப் பற்றிய உவமை ஒன்று உண்டு. வலை நிறைந்ததும் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லவற்றைக் கூடைகளில் சேர்த்து, ஆகாதவற்றை எறிந்துவிடுகிறார்கள். நம் ஊரில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இடுப்போடு சாய்த்துப் பின்னுக்கு நடந்து நடந்து இழுக்கிறார்கள். மடி மணலுக்கு ஏறும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஏறிய பிறகுதான் குந்தியிருந்து சூடையையும் நெத்தலியையும் பாரைக்குஞ்சையும் பிரிக்கிறார்கள். சொறியும் பாசியும் ஒதுக்கப்படுகின்றன. இழுத்துக்கொண்டிருக்கும்போதே யாரும் தண்ணீரில் நின்று மீன் பிரிப்பதில்லை. மனம் கொந்தளித்துக்கொண்டிருக்கும் வேளையில் வாழ்க்கை முடிவு எடுப்பதும் அப்படிப்பட்ட வேலைதான். அழைப்பைத் தருவது கடவுள் என்றாலும், உட்கார்ந்து பிரிக்கும் பொறுமை நம் பங்கு.

அழைப்பு என்றால் குருத்துவமும் துறவறமும் மட்டும்தானா?

இல்லை. இப்படி ஒரு எண்ணம் நம்மிடையே ஊறிப்போனதற்கு மறைக்கல்வி ஆசிரியர்களாகிய நாங்களும் ஒரு காரணம். ‘இறையழைத்தல் ஞாயிறு’ வந்தால் குருமட மாணவரின் படத்தைத்தான் பலகையில் ஒட்டுகிறோம்.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில், கெரசேனர் பகுதியில் பேய்களிடமிருந்து விடுவிக்கப்பட்ட மனிதன் இயேசுவோடு வர அனுமதி கேட்கிறான். இயேசு மறுத்துவிடுகிறார். வீட்டுக்குப் போய், ஆண்டவர் செய்ததை உன் உறவினரிடம் சொல் என்று அனுப்புகிறார். கல்லறைகளுக்கிடையே கத்திக்கொண்டு திரிந்தவன் தன் வீட்டு வாசலில் மீண்டும் போய் நிற்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! ஆடைகளை மூட்டைகட்டிக்கொண்டு படகில் ஏறுவது அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். லூக்கா எட்டாம் அதிகாரத்தில் மகதலா மரியா, ஏரோதின் மாளிகை மேற்பார்வையாளனின் மனைவி யோவன்னா, சூசன்னா ஆகியோர் தங்கள் உடைமைகளைக் கொண்டு பணிவிடை செய்தபடி இயேசுவோடு போனார்கள். ஒரே ஆண்டவர், இரண்டு விதமான அழைப்புகள்.

பெரியாஸ்பத்திரியில் இரவுக் கடமை செய்யும் தாதி, பள்ளிவாசல் பக்கமும் கோயில் பக்கமும் ஒரே விலைக்கு நேர்மையாக மீன் விற்கிறவர், படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு முகம் சுளிக்காமல் உடை மாற்றும் மருமகள் ஆகியோரின் அழைப்பைக் குறைந்த தரம் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஒரே மகன் குருமடத்துக்குப் போக விரும்புகிறான். எங்களை முதுமையில் யார் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. நியாயமான கேள்வி இது. யாக்கோபும் யோவானும் தந்தை செபதேயுவை விட்டுப் போனார்கள் என்பது உண்மை. கூலியாள்களோடு படகில் விட்டுப் போனார்கள் என்பதையும் மாற்கு சேர்த்தே எழுதியிருக்கிறார். அந்த முதியவர் தனியாகக் கைவிடப்படவில்லை. அதே நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கு நேர்ந்தது, என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். பக்தியின் பெயரால் தாய் தந்தையரைக் கைவிடுவதை அவர் ஒருபோதும் மெச்சவில்லை.

ஆகவே வீட்டு நிலைமையை மறைக்காமல் பங்குத்தந்தையிடமும், மறைமாவட்டத்தில் இறையழைத்தலுக்குப் பொறுப்பான குருவிடமும் பேசுங்கள். காலமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. க.பொ.த. உயர்தரம் முடித்து உள்ளே போகும் பிள்ளை மறுநாளே குருவாகிவிடுவதில்லை. யாழ்ப்பாணம் கொழும்புத்துறையிலுள்ள புனித சவேரியார் குருமடத்திலோ கண்டி அம்பிட்டியவிலோ மெய்யியலும் இறையியலும் கற்பதற்கே ஆண்டுகள் பல ஆகும். 25 வயது நிறையாத ஒருவரைக் குருவாகத் திருநிலைப்படுத்தத் திருச்சபைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. துறவற சபையில் சேரும் பெண்ணுக்கு, வாக்குறுதி கொடுப்பதற்கு முந்தைய பயிற்சிக் காலமான நவதுறவு நிலை குறைந்தது 12 மாதங்கள். அந்தக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் வீடு திரும்பலாம். இத்தனை ஆண்டுகளும் சோதித்துப் பார்ப்பதற்காகத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. இடையில் திரும்பி வந்த பிள்ளையைத் தோற்றுப்போனவன் என்று ஊர் பேசும்போது நீங்கள் வாய் திறந்து அவன் பக்கம் நில்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிள்ளை கருவில் இருக்கும்போதே மடுவிலோ வேறு திருத்தலத்திலோ ‘ஆண்பிள்ளை என்றால் சாமியாராக்குவேன்’ என்று நேர்த்தி வைத்த தாய்மாரைச் சந்தித்திருக்கிறேன். தாயின் நேர்த்தி பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. அவன் தன் வாயால் சொல்லும் ‘ஆம்’ மட்டுமே செல்லும்.

எனக்குத் தகுதி இல்லையே?

எரேமியா தான் சிறுபிள்ளை என்றார். மோசே நாவு திக்குகிறது என்றார். பேதுரு, நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும் என்று காலில் விழுந்தார். ஒருவரிடமும் தகுதிச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. இந்தத் தயக்கம் எத்தனை நாள் உங்களை ஆள வேண்டும் என்பதை மட்டும் யோசியுங்கள்.

மௌன செபத்தில் என்னதான் செய்வது? சும்மா இருப்பதா?

செய்முறையாகவே சொல்கிறேன். ஒரு இடத்தில் முதுகு நேராக உட்காருங்கள். தரையில் பாயானாலும் சரி, கதிரையானாலும் சரி. கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது. சிலுவை அடையாளம் வரைந்து, யார் முன்னால் இருக்கிறீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நற்செய்தியில் ஐந்தாறு வசனங்கள் கொண்ட ஒரு பகுதியை மெதுவாக வாசியுங்கள். மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். ஒரு சொல்லோ காட்சியோ உங்களை நிறுத்தினால் அங்கேயே நில்லுங்கள். அதிகாரத்தை முடிக்க வேண்டும் என்ற கடமை எதுவும் இல்லை. பிறகு வாசிப்பதை விட்டுவிட்டு இருங்கள். மனம் மீன் விலைக்கும் பிள்ளையின் டியூஷன் காசுக்கும் ஓடும். ஓடியதைக் கண்டதும் சண்டை பிடிக்காமல் ‘இயேசுவே’ என்று ஒரே ஒரு முறை சொல்லித் திரும்பி வாருங்கள். கடைசியில் உங்கள் சொந்தச் சொற்களில் அவரோடு பேசுங்கள். ‘எங்கள் தந்தையே’ சொல்லி முடியுங்கள்.

அவ்வளவுதான். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். ஒரு நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு மாதம் தொடாமல் விடுவதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் இருப்பது மேல்.

திருப்பலியிலும் இதற்கு இடம் உண்டு. குரு ‘மன்றாடுவோமாக’ என்று சொன்ன பிறகும், மறையுரைக்குப் பின்னும், நற்கருணை வாங்கிய பின்னும் சற்று அமைதி காக்கும்படி திருப்பலி நூலே சொல்கிறது. பாடகர் குழுவினரிடம் என் தாழ்மையான வேண்டுகோள்: நற்கருணைக்குப் பிறகு மூன்றாவது பாட்டைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அமைதி என்பதே கிடையாது. இரண்டு அறை, ஏழு பேர்.

இயேசுவுக்கும் அதே நிலைமைதான். மாற்கு முதல் அதிகாரத்தில் கப்பர்நாகூமில் ஊரே வாசலில் கூடிவிட்ட இரவுக்குப் பிறகு, விடியுமுன் இருட்டோடு எழுந்து தனிமையான ஓர் இடத்துக்குப் போய் இறைவேண்டல் செய்கிறார். அங்கேயும் சீமோனும் மற்றவர்களும் தேடி வந்துவிடுகிறார்கள்.

நம் நகரின் விடியற்காலையை யோசித்துப் பாருங்கள். பள்ளிவாசலின் பாங்கு, கோணேசர் கோயில் மணி, நம் ஆலய மணி, துறைமுகப் பக்கத்து எஞ்சின் சத்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றை இடைஞ்சல் என்று எண்ணாதீர்கள். அயலவரும் தொழ எழுந்துவிட்டார்கள் என்று நினைத்து அவர்களுக்காகவும் மன்றாடலாம். வீட்டில் முடியாவிட்டால் வேலைக்குப் போகும் வழியில் ஆலயக் கதவு திறந்திருக்கும் நேரத்தை விசாரித்து வையுங்கள். டச்சு பே கடற்கரையில் காலையில் நடக்கிறவர்கள் ஒரு சுற்றைப் பேசாமல் நடந்து பாருங்கள். நடந்தபடியும் செபிக்கலாம்.

கண்ணை மூடி அமைதியாக இருந்தால் போர்க்கால நினைவுகள் வருகின்றன. மௌனம் எனக்குப் பயம். என்ன செய்வது?

இது கடினமான கேள்வி. மற்ற எதையும்விட இதை நான் அடிக்கடி நினைக்கிறேன். நம் தலைமுறைக்கு மௌனம் என்பது முதலில் செபமாக அறிமுகமாகவில்லை. சோதனைச் சாவடியில் வாயை மூடிக்கொள் என்று அம்மா கையைப் பிடித்து அழுத்திய மௌனம் அது. பக்கத்து வீட்டில் யாரைக் கொண்டுபோனார்கள் என்று தெரிந்தும் பேசாமல் இருந்த மௌனம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரை இந்த நகரம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் திருச்சபைக்கும் அந்தக் காயம் உண்டு. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து கிழக்கில் 40 ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய இயேசு சபைக் குரு யூஜின் ஹெபெயர், 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில், உடன் சென்ற தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இருவரும் திரும்பவில்லை.

இப்படியொரு மண்ணில் ‘அமைதியாக இரு, கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று ஒருவரிடம் சொல்வது அவர் வாயை இரண்டாம் முறை அடைப்பதாகிவிடும். திருப்பாடல் 39 இதை வெளிப்படையாகச் சொல்கிறது. அதைப் பாடியவர் ஊமைபோல் பேசாதிருந்தார். அவரது வேதனை பெருகியது. நெஞ்சம் பற்றி எரிந்தது. பிறகு வாய் திறந்து கடவுளிடமே பேசினார். திருப்பாடல் 88 ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் செபம் என்றே விவிலியம் வைத்திருக்கிறது. பயத்தால் வரும் மௌனத்தில் நம் பேச்சைக் கேட்பவர் யாருமில்லை என்று தோன்றும். செபத்தின் மௌனத்தில் நாம் எதையும் சொல்லக்கூடிய ஒருவர் முன்னால் இருக்கிறோம். கதறினாலும் அவர் எழுந்து போவதில்லை.

நடைமுறையில் நான் சொல்வது இவை. கண்ணை மூடாதீர்கள், எரியும் மெழுகுதிரியையோ சிலுவையையோ பார்த்துக்கொண்டிருங்கள். தனியாக வேண்டாம், நம்பிக்கையான ஒருவர் அருகில் இருக்கட்டும். முதலில் அழுகைத் திருப்பாடல்களைச் சத்தமாக வாசியுங்கள். மௌனம் பிறகு வரட்டும், வராவிட்டாலும் குற்றமில்லை. தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, பகலிலும் அந்தக் காட்சிகள் துரத்தினால் உளவளத்துணையாளரிடம் போங்கள். அப்படிப் போவது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் செவிகொடுக்காதீர்கள்.

மௌன தியானம் இந்துக்களுடையதும் பௌத்தர்களுடையதும் அல்லவா? நமக்கு ஏன்?

மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் எகிப்தின் பாலைவனத்துக்குப் போன புனித அந்தோனியார் போன்ற துறவிகள் காலத்திலிருந்தே கிறிஸ்தவத்தில் இது வேரோடியிருக்கிறது. அவர்களுக்கும் முன்னே எலியா ஒரேபு மலையில் நின்றார். சுழற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் இல்லாத ஆண்டவர் மெல்லிய ஒலிக்குப் பிறகு அவரோடு பேசினார். அயலவர் தியானம் செய்கிறார்கள் என்பதற்காக நம் சொத்தை நாம் விட்டுவிடத் தேவையில்லை. அவர்களுடையதை இழிவாகப் பேசவும் தேவையில்லை.

எங்கள் ஜெபக் கூட்டத்தில் உரத்த சத்தமாக ஜெபிக்கிறோம். அது தவறா?

தவறே இல்லை. எரிகோவின் வழியோரம் இருந்த பார்வையற்ற பர்த்திமேயு கத்தினார். சும்மா இரு என்று பலர் அதட்டியதும் இன்னும் உரக்கக் கத்தினார். இயேசு நின்று அவரை அழைத்தார். அவரும் பார்வை பெற்று இயேசுவைப் பின்தொடர்ந்தார். இன்னொரு பக்கம், சாமுவேலின் தாய் அன்னா உதடு மட்டும் அசைய மன்றாடினார். ஏலி அவரைக் குடிவெறியில் இருப்பதாக எண்ணிவிட்டார். இருவரின் வேண்டுதலும் கேட்கப்பட்டது. உரத்த ஜெபத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் இருந்து பாருங்கள் என்று மட்டும் கேட்பேன்.

பல மாதங்களாக உட்காருகிறேன். ஒன்றுமே நடக்கவில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மனம் வறண்ட காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்று இஞ்ஞாசியார் எழுதியிருக்கிறார். புனித அன்னை தெரேசா 1946 செப்டெம்பர் 10ஆம் நாள் டார்ஜிலிங்குக்குப் போகும் ரயிலில் ஏழைகளிடம் போகும்படி அழைப்பை உணர்ந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவர் உள்ளத்தில் கடவுளின் நெருக்கத்தை உணராமலேயே பணியாற்றியதை அவரது மறைவுக்குப் பின் வெளியான கடிதங்கள் காட்டின. செபம் பலிக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடங்களை அளக்காதீர்கள். வீட்டாரிடம் கேளுங்கள். முன்னைவிடக் கோபம் குறைந்திருக்கிறதா, மற்றவர் பேசும்போது இடைமறிக்காமல் கேட்கிறீர்களா என்று அவர்களுக்குத் தெரியும்.

இளவயதில் அழைப்பை உணர்ந்தும் மறுத்துவிட்டேன். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கடவுள் என்னை விட்டுவிட்டாரா?

யோனா எதிர்த் திசைக்குக் கப்பல் ஏறினார். ஆண்டவரின் வாக்கு இரண்டாம் முறையும் அவருக்கு வந்தது என்று அந்த நூல் சொல்கிறது. பேதுரு கரிநெருப்பு அருகே நின்று மூன்று முறை மறுதலித்தார். யோவான் 21ஆம் அதிகாரத்தில் இன்னொரு கரிநெருப்பு அருகே, காலை உணவுக்குப் பின், மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்கப்பட்டார். பழைய குற்றத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. ‘என் ஆடுகளைப் பேணி வளர்’ என்ற வேலைதான் கொடுக்கப்பட்டது.

இருபது வயதில் மறுத்த அதே வாசல் இன்று திறந்திருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கணவரும் பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களை விட்டுவிட்டு வரும்படி கடவுள் கேட்கமாட்டார். ஆனால் அன்று உங்களை இழுத்தது எது என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசையா, நோயாளர் அருகே இருக்கும் ஆசையா, தனித்திருந்து செபிக்கும் ஆசையா? அந்த ஆசை இன்னும் உயிரோடு இருந்தால் அதற்குரிய வேலை உங்கள் பங்கிலேயே ஆளில்லாமல் காத்திருக்கும். வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையிடமோ, அருகிலுள்ள கன்னியர் மடத்து அருட்சகோதரியிடமோ, உங்கள் சபைப் போதகரிடமோ இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி, அரை மணி நேரம் கேளுங்கள்.